"நடத்தையில் சந்தேகம்"னு பேப்பருக்கு யார் சொன்னா?

நீங்க கேட்டது இதுதான்: தமிழ் பேப்பர்ல பொண்ணுங்கள பத்தின செய்தின்னு வந்தாலே "அழகி", "கள்ளக்காதலி", "2 குழந்தைகளின் தாய்"னு ஏன் எழுதறாங்க, இது விக்கறதுக்கான மசாலா மட்டும்தானா, இல்ல ஊர்ல யாருக்கு அதிகாரம் இருக்கோ அது அப்படியே மொழில இறங்குதா, வார்த்தைய மாத்திட்டா சரியாயிடுமா. கடைசியா போற போக்குல ஒண்ணு கேட்டிருக்கீங்க, "இதெல்லாம் யோசிச்சுதான் எழுதறாங்களா"ன்னு. எனக்கு அதுதான் நிஜக் கேள்வின்னு படுது, அதுலேருந்தே ஆரம்பிக்கறேன்.

நான் ஒரு தமிழ் தினசரில 19 வருஷம் டெஸ்க்ல உதவி ஆசிரியரா இருந்தேன். அதுல பாதிக்கு மேல மாவட்டப் பக்கம், அதாவது கொலை, செயின் பறிப்பு, விபத்து, குறைதீர் கூட்டம், கோயில் கொடை. அதனால நான் சொல்றதெல்லாம் அச்சு பேப்பர், அதுவும் கிரைம் செய்தி பார்த்த கண்ணோட சொல்றது. டிவி, யூடியூப் தம்ப்நெயில் எல்லாம் என் கைக்கு பழக்கமில்லாத வேலை, அதுக்கு வேற யாராவது வந்து சொல்லட்டும். உங்க கேள்விக்கு நேர் பதில்: யோசிச்சு எழுதறதில்ல. ராத்திரி பத்தரை மணிக்கு பக்கம் மூடணும், ஸ்டிரிங்கர், அதாவது பகுதிநேர நிருபர், அனுப்பின செய்தி முன்னால கிடக்கு, கை தானா டைப் அடிக்கும். யோசிச்சு எழுதியிருந்தா கொஞ்சம் மறைச்சிருப்போம். யோசிக்காததாலதான் எல்லாம் வெளிய தெரியுது.

முதல்ல ரொம்ப சின்ன விஷயம், வினையோட வால். எழுத்துத் தமிழ்ல ஒருத்தர பத்தி ஒரு வாக்கியம் முடிக்கணும்னா ஆன், ஆள், ஆர் மூணுல ஒண்ண எடுத்தாகணும், தப்பிக்க வழி இல்ல. ஒருத்தருக்கு பன்மை விகுதி போடறது இலக்கணம் இல்ல, வழக்குல வந்த உயர்சொல்னு தொல்காப்பியமே சொல்லிடுச்சு, "வழக்கினாகிய உயர்சொற் கிளவி"ன்னு. அதாவது ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே மரியாதைங்கறது இலக்கணத்துக்கு வெளிய இருந்து, சமூகத்துலேருந்து உள்ள வந்ததுன்னு ஒத்துக்கிட்டிருக்காங்க. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, "ஆர்"ல ஆணா பெண்ணானு தெரியாது. "அவர் வந்தார்", அவ்ளோதான். "ஆன்", "ஆள்" போட்டாதான் பால் தெரியும். அப்ப தமிழ்ல மரியாதை இருக்கற வரைக்கும் நீங்க ஆண் பெண் இல்ல, மரியாதை போன அடுத்த நிமிஷம் ஆணாவோ பெண்ணாவோ ஆயிடறீங்க. "அவள்"னு எழுதறப்ப பொண்ணுன்னு சொல்றோம், கூடவே கீழனும் சொல்லிடறோம், ரெண்டையும் பிரிக்கவே முடியாது.

பழைய பேப்பர் ஃபைல புரட்டினா இது பளிச்சுனு தெரியும். வேலைக்காரி "திருடினாள்", ரிக்‌ஷாக்காரன் "குத்தினான்", மில் முதலாளி கோடிக்கணக்குல ஏமாத்தினாலும் "தலைமறைவானார்". இப்ப பெரும்பாலான பேப்பர்ல எல்லாருக்கும் "ஆர்"தான், கொலைகாரனும் "கைது செய்யப்பட்டார்". இது நல்ல மாற்றம்தான், சந்தேகமே இல்ல. ஊர்ல யாரும் வா போன்னுதான் கூப்பிடற ஒரு கூலிக்காரம்மாவ பேப்பர் "அவர்"னு எழுதுது, என்ன, பாதி நேரம் அந்தம்மா செத்தப்புறம்தான் எழுதுது. ஆனா "ஆர்" வந்ததும் டெஸ்க்குக்கு ஒரு சங்கடம் வந்துடுச்சு, வாக்கியத்துல பொண்ணுன்னு தெரியலையேன்னு. அதுக்குத்தான் "பெண் டாக்டர்", "பெண் போலீஸ்", "பெண் எம்.எல்.ஏ."ன்னு முன்னாடி ஒரு சீட்டு ஒட்டறது. ஆண் டாக்டருக்கு சீட்டு கிடையாது, அவர் சும்மா டாக்டர். பதவியே தானா ஆண்தான்னு நெனச்சுக்கற பழக்கம் அது. முதல்வரா இருந்தப்பகூட ஜெயலலிதாவுக்கு அரசு விளம்பரத்துல, சில பேப்பர்ல "செல்வி"ன்னு போட்டாங்க. அவங்களுக்கு முன்னயும் பின்னயும் இருந்த ஆம்பள முதல்வருங்களுக்கு "திரு"தான், கல்யாணம் ஆச்சா இல்லையான்னு அதுல தெரியாது. அப்புறம் "அம்மா". மாநிலத்துலயே பெரிய அதிகாரத்துல ஒரு பொண்ணு உக்காந்தா, அவங்கள ஒரு உறவுமுறைக்குள்ள கொண்டு வந்து வெச்சாதான் மொழிக்கு நிம்மதின்னு நான் நெனச்சுக்குவேன், இது என் அபிப்ராயம், கட்சிக்காரங்க சண்டைக்கு வராதீங்க.

வாலைவிட எனக்கு முக்கியமா படறது "சொன்னார்"ங்கற வினை. மாவட்டப் பக்கத்துல யார் எப்படி சொல்றாங்கன்னு பாருங்க. கலெக்டர் "தெரிவித்தார்". எஸ்.பி. "கூறினார்". எம்.எல்.ஏ. "வலியுறுத்தினார்", எதிர்க்கட்சின்னா "சாடினார்". பொண்ணுங்க? "கதறினார்", "கண்ணீர் மல்க கூறினார்", தலைப்புல "கண்ணீர் பேட்டி", "பகீர் புகார்". திங்கக்கிழமை குறைதீர் நாள்ல கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நிக்கற நிருபர் அனுப்பற செய்தி ஒண்ணு இப்பவும் ஞாபகம் இருக்கு. ஒரு அம்மா, வயசு அம்பதுக்கு மேல, கொழுந்தனார் தன் பங்கு நிலத்துக்கு பட்டா மாத்திக்கிட்டார்னு மனு கொடுத்திருக்காங்க. மனுவோட ஜெராக்ஸும் செய்தியோட சேர்ந்து வந்தது, அதுல சர்வே நம்பர், உட்பிரிவு, கிரயப் பத்திரம் நம்பர், தாசில்தார்கிட்ட ஏற்கனவே ரெண்டு தடவ மனு கொடுத்த தேதி எல்லாம் வரிசையா இருந்துச்சு, ஒரு வக்கீல்கூட அவ்ளோ தெளிவா எழுத மாட்டார். நிருபர் எழுதின தலைப்பு: "நிலத்தை மீட்டுத் தாருங்கள்: கலெக்டர் அலுவலகத்தில் பெண் கதறல்". அந்தம்மா அழுதாங்களா இல்லையான்னு கேட்டேன். "அழல சார், ஆனா பொம்பளைங்க மனுன்னா அப்படித்தான போடுவோம்"னார். சர்வே நம்பர் ஒண்ணுகூட செய்தில இல்ல. அதே பக்கத்துல பக்கத்து ஊர் பஞ்சாயத்து தலைவர் குடிநீர் கேட்டு கொடுத்த மனு, "கோரிக்கை". ஒரே வாசல், ஒரே திங்கக்கிழமை.

வார்த்தைங்க கதைக்கு வரேன். "கற்பழிப்பு" உங்களுக்கு தெரிஞ்சதுதான். அந்த சொல்ல பிரிச்சா, குத்தம் பண்ணவன் ஒண்ணும் இழக்கல, அவதான் எதையோ இழந்துட்டாங்கற கணக்கு உள்ளயே இருக்கு. கற்புங்கற சொல் எப்படி பொண்ணு தலைல மட்டும் ஏத்தப்பட்டுச்சுன்னு பெரியார் 1920கள்லயே "குடி அரசு"ல எழுதிட்டார். பேப்பர்ங்க அந்த சொல்ல கைவிட எம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. 2012 டிசம்பர்ல டெல்லி பஸ் சம்பவம், 2013ல சட்டத் திருத்தம், இதுக்கப்புறம்தான் எங்க டெஸ்க்ல "பாலியல் வன்கொடுமை"ன்னு எழுதச் சொல்லி ஒட்டினாங்க. அதுக்கு எங்க எதிர்ப்பு என்னன்னு நெனைக்கறீங்க? கொள்கையெல்லாம் இல்ல, இடம். கற்பழிப்பு 6 எழுத்து, பாலியல் வன்கொடுமை 9 எழுத்தும் ஒரு இடைவெளியும். சிங்கிள் காலம், அதாவது ஒரு பத்தி அகலத் தலைப்புல ஒரு வரிக்குள்ள அது உக்காராது. ஒரு வார்த்தை மாறாம இருக்க எவ்ளோ அற்பமான காரணம் போதும்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

மாத்தினதுக்கு அப்புறமும் முழுசா சந்தோஷப்பட முடியல. "பாலியல் வன்கொடுமை"ய இப்ப எல்லாத்துக்கும் போடறாங்க, பஸ்ல கைய வெச்சதுக்கும் அதான், கூட்டுப் பலாத்காரத்துக்கும் அதான், படிக்கறவங்களுக்கு என்ன நடந்துச்சுன்னே புரியறதில்ல. பத்தாததுக்கு "வன்கொடுமை"ங்கறது 1989 எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமை தடுப்புச் சட்டத்தோட பேர்லயும் இருக்கா, பாதிக்கப்பட்டவங்க தலித் பொண்ணா இருந்தா எந்த வன்கொடுமைய சொல்றாங்கன்னு குழம்பும். இன்னொரு பக்கம் "சில்மிஷம்". "சிறுமியிடம் சில்மிஷம்: முதியவர் கைது"ன்னு இன்னைக்கும் வருது. வீட்ல பேரப்பிள்ளை சீனி டப்பாவ கவுத்தா சொல்ற வார்த்தை அது. போக்சோல உள்ள போற குத்தத்துக்கு அதே வார்த்தை. அப்புறம் "ஒருதலைக் காதல்". 2016 ஜூன்ல நுங்கம்பாக்கம் ரயில்வே ஸ்டேஷன்ல காலைல வேலைக்கு போக நின்ன பொண்ண வெட்டிக் கொன்னாங்க, அன்னைக்கு சாயங்காலத்துலேருந்தே அந்த வார்த்தை ஓட ஆரம்பிச்சிடுச்சு. ஒரு பொண்ணுக்கு பிடிக்கலன்னு தெரிஞ்சும் பின்னாடியே சுத்தறது 2013லேருந்து தனிக் குத்தம், பின்தொடர்தல்னு சட்டத்துல பேரே இருக்கு. பேப்பர்ல அது காதலோட ஒரு வகை. தலை ஒண்ணானாலும் காதல்னு போட்டுட்டா, கொன்னவன் பக்கம் ஒரு சோகம் தானா வந்து ஒட்டிக்கும்.

இதெல்லாம் எல்லாரும் பேசறதுதான். எங்க தொழில்ல இருந்தவன் சொல்ல வேண்டியது வேற, அந்த வாக்கியம் எங்க பொறக்குதுங்கறது. மாவட்ட கிரைம் செய்தில பாதிக்கு மேல போலீஸ் ஸ்டேஷன்லேருந்து வருது. பகுதிநேர நிருபர், செய்திக்கு இவ்ளோன்னு சம்பளம் வாங்கறவர், காலைல ஸ்டேஷன்ல எழுத்து வேலை பார்க்கற போலீஸ்காரர், அதாவது ரைட்டர பார்ப்பார், இன்ஸ்பெக்டர்கிட்ட போன் பண்ணுவார், எஃப்.ஐ.ஆர். சாரத்த வாட்ஸ்அப்ல வாங்குவார், அத கொஞ்சம் மாத்தி அனுப்புவார். கொலைன்னா அடுத்த நாள் "பரபரப்பு வாக்குமூலம்" வரும். "மனைவியின் நடத்தையில் சந்தேகம் ஏற்பட்டதால் கொன்றேன்: கைதான கணவர் பரபரப்பு வாக்குமூலம்". இந்த தலைப்ப என் கையால எத்தன தடவ வெச்சிருப்பேன்னு கணக்கு இல்ல.

இப்ப சட்டம் என்ன சொல்லுதுன்னு பாருங்க. போலீஸ்கிட்ட குத்தவாளி கொடுக்கற ஒப்புதல் வாக்குமூலத்த கோர்ட்ல அவருக்கு எதிரா சாட்சியமா வெக்க முடியாது. வெள்ளக்காரன் காலத்து சாட்சியச் சட்டத்துல 25வது பிரிவு, 2024 ஜூலைல வந்த புது சட்டத்துலயும் அது இருக்கு. அவர் காட்டிக்கொடுத்து கத்தி மாதிரி ஏதாவது கிடைச்சா அந்த அளவுக்கு மட்டும் செல்லும். அடிச்சு வாங்கியிருப்பாங்கங்கற சந்தேகம்தான் காரணம், நியாயமான சந்தேகம். அப்ப கோர்ட்டே தொடாத ஒண்ண நாங்க மூணு காலம் அகலத்துல போடறோம். அது யாரோட பேச்சு? கொன்னவரோடது, போலீஸ் கேட்டு போலீஸ் எழுதினது. அதுல செத்தவங்க நடத்தை பத்தி ஒரு தீர்ப்பு இருக்கு. மறுத்துப் பேச அவங்க இல்ல. இன்னும் ஒண்ணு, திடீர்னு கடுமையா ஆத்திரமூட்டப்பட்டு கொன்னா அது கொலைங்கற பிரிவுலேருந்து கீழ எறங்கி தண்டனை குறைய வழி இருக்கு. "நடத்தை" கதை அங்க உதவும்னு குத்தவாளியோட வக்கீலுக்கு தெரியும். வக்கீல் வர்றதுக்கு முன்னாடியே அவர் வாதத்தோட முதல் வரிய நாங்க அச்சடிச்சு ஊர் பூரா கொடுத்துடறோம்.

ஒரு தடவ அப்படி ஒரு செய்தி வந்து நாலு நாள் கழிச்சு ஆபீஸ் ரிசப்ஷன்ல ஒரு அம்மாவும் ஒரு பையனும் வந்து உக்காந்திருந்தாங்க. செத்த பொண்ணோட அம்மாவும் தம்பியும். பேப்பர எட்டா மடிச்சு வெச்சிருந்தாங்க, எங்க செய்தி மேல வர்ற மாதிரி. எடிட்டோரியல்லேருந்து யாராவது போங்கன்னாங்க, நான் போனேன். அந்தப் பையன் ஒரு பிளாஸ்டிக் கவர்லேருந்து சின்னச் சின்ன சீட்டா எடுத்து மேஜைல அடுக்கினான். பனியன் கம்பெனில கொடுக்கற ஓவர்டைம் சீட்டு. பொண்ணு ராத்திரி லேட்டா வர்றாங்கறதுதான் அந்த புருஷனோட "சந்தேகம்". சீட்டுல தேதியும் நேரமும் பேனால எழுதி சூப்பர்வைசர் கையெழுத்து போட்டிருந்துச்சு, இத்தன மணிலேருந்து இத்தன மணி வரைன்னு, ஒரு சீட்டுல டீக்கறை. அந்தம்மா சத்தம் போடல. "அவ லேட்டா வந்த காசுலதான் சார் அவன் வண்டிக்கு டியூ கட்டினான், அதையும் போடுங்க"ன்னாங்க. நான் உள்ள போயி கேட்டேன். போலீஸ் சொன்னத போலீஸ் சொன்னதாதான் போட்டிருக்கோம், இதுல திருத்தம் போட ஒண்ணுமில்லன்னு பதில் வந்துச்சு. தொழில் விதிப்படி அது சரியான பதில், அதுதான் கொடுமை. தப்பா ஒரு வார்த்தைகூட நாங்க எழுதல. "நடத்தையில் சந்தேகம் ஏற்பட்டதாக கூறப்படுகிறது". "கூறப்படுகிறது", யாரால? அந்த செயப்பாட்டு வினைக்குள்ள புருஷனும் ரைட்டரும் நிருபரும் நானும் வரிசையா ஒளிஞ்சு நின்னோம்.

அதனாலதான் நான் கெட்ட வார்த்தை, நல்ல வார்த்தைன்னு பட்டியல் போடறவங்கள பார்த்தா கொஞ்சம் பொறுமைன்னு சொல்வேன். "கள்ளக்காதல்" எடுத்துக்கோங்க. இப்ப நிறைய எடத்துல "திருமணத்தை மீறிய உறவு"ன்னு எழுதறாங்க. 2023 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் நீதிபதிகளுக்குன்னு ஒரு கையேடு போட்டுச்சு, பொண்ணுங்கள பத்தி எந்த சொல் வேண்டாம், அதுக்கு பதில் என்னன்னு, அதுலயும் இதே மாதிரி திருத்தம்தான் இருக்கு. நல்லதுதான். ஆனா "திருமணத்தை மீறிய உறவுக்கு இடையூறு: கணவரைக் கொன்ற 2 குழந்தைகளின் தாய்"னு எழுதினா வார்த்தை மட்டும் இஸ்திரி போட்டு வந்திருக்கு, பார்வை அதே அழுக்குதான். புருஷன் ஓடிப்போனா "2 குழந்தைகளின் தந்தை ஓட்டம்"னு நீங்க எங்கயாவது படிச்சிருக்கீங்களா? இதுல ஒரு வேடிக்கை. இந்த மாதிரி உறவ குத்தமாக்கின பழைய தண்டனைச் சட்டம் 497வது பிரிவுல பொண்ணுக்கு தண்டனையே கிடையாது, அடுத்தவர் மனைவியோட அந்தப் புருஷன் சம்மதம் இல்லாம உறவு வெச்ச ஆம்பளைக்குத்தான். பொண்டாட்டிய சொத்தா நெனச்ச சட்டம், அதனாலதான் 2018 செப்டம்பர் 27ல உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. சட்டம் ஆம்பளைய புடிச்ச காலத்துலயே பேப்பர் பொம்பளையத்தான் புடிச்சுது, சட்டமே போனப்புறமும் அதான் நடக்குது.

"விபசார அழகிகள் கைது" இன்னும் சுலபமா புரியும். ரெய்டு அடிச்சா போலீஸ் ஃபோட்டோவுக்கு நிறுத்தறது பொண்ணுங்களத்தான், மூஞ்சிய துப்பட்டால மூடிக்கிட்டு. இடம் நடத்தினவர் பேர் வரும், புரோக்கர் பேர் வரும், வாடிக்கையாளர் செய்திலேயே இருக்க மாட்டார், பொண்ணுங்க தனியா உக்காந்து தானே விபசாரம் பண்ணிக்கிட்ட மாதிரி இருக்கும். ஏன் அழகி? அழகா இருக்காங்களான்னு யாரும் பார்க்கல, அது ஒரு பதவிப் பேர் மாதிரி ஆயிடுச்சு. 2022 மே மாசம் உச்ச நீதிமன்றம், ரெய்டு, மீட்புன்னு வர்றப்ப பாலியல் தொழிலாளிங்க அடையாளத்த மீடியா வெளியிடக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. "மீட்பு"ங்கற வார்த்தை இப்ப வந்திருக்கு. "அழகிகள் மீட்பு"ன்னு.

பொண்ணுங்கள பலாத்காரம் பண்ணி வீடியோ எடுத்து மிரட்டின பொள்ளாச்சி கேஸ் 2019ல வெளிய வந்தப்ப தமிழ்நாடே கொதிச்சது, ஆனா பேப்பர்ல, டிவில அதுக்கு வெச்ச பேர் "ஆபாச வீடியோ விவகாரம்". ஒரு குத்தத்த குத்தவாளிங்களே எடுத்த ஆதாரம் அது. அத ஆபாசம்னு சொன்னா அந்த வீடியோல யார் தெரியறாங்களோ அவங்க மேலதான் அந்த சொல் போய் உக்காரும். அதுல புகார் கொடுத்த பொண்ணோட பேர வெளிய விட்டது பேப்பர் இல்ல, மாவட்ட போலீஸ் அதிகாரியோட பிரஸ் மீட், அப்புறம் அரசாணை. மதுரை ஹைகோர்ட் கிளை 25 லட்சம் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. 2024 டிசம்பர்ல அண்ணா யுனிவர்சிட்டி மாணவி பாலியல் வன்கொடுமை கேஸ்ல எஃப்.ஐ.ஆரே வெளிய வந்துச்சு, அதுக்கும் சென்னை ஹைகோர்ட் 25 லட்சம் சொன்னது. பாதிக்கப்பட்டவங்க யாருன்னு நேரா மட்டுமில்ல, சுத்தி வளைச்சும் தெரியக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பர்லயே தெளிவா சொல்லியிருக்கு. நாங்க என்ன பண்ணுவோம், பேர மட்டும் எடுத்துட்டு "இந்த ஊரைச் சேர்ந்த, இந்த வேலை பார்க்கும் இன்னாரின் மகள், அங்குள்ள பள்ளியில் 9-ம் வகுப்பு"ன்னு போடுவோம். முன்னூறு வீடு இருக்கற ஊர்ல இதுக்கு மேல பேர் வேற வேணுமா?

சரி, எதுவுமே மாறலையான்னா மாறியிருக்கு, ரெண்டு மூணு எடத்துல நல்லாவே. "கௌரவக் கொலை" போய் "ஆணவக் கொலை" வந்தது. 2016 மார்ச்ல உடுமலைப்பேட்டைல சாதி மாறி கல்யாணம் பண்ணின சங்கர பட்டப்பகல்ல வெட்டின அந்தக் கொலைக்கு அப்புறம் எங்க டெஸ்க்ல பழைய சொல்ல எழுத கையே வரல. இதுல கவனிங்க, அது டெஸ்க்ல பொறந்த சொல் இல்ல. தலித் இயக்கங்களும் இடதுசாரிங்களும் மேடைல, போஸ்டர்ல, துண்டறிக்கைல சொல்லிச் சொல்லி, கடைசில நாங்க வேற வழியில்லாம எடுத்துக்கிட்டோம். கௌரவம்னா கொன்னவர் சொல்ற காரணத்த நாங்க ஒத்துக்கிட்ட மாதிரி, ஆணவம்னா வெளிலேருந்து ஒருத்தர் அவர பார்த்து சொல்றது. "திருநங்கை"யும் அப்படித்தான், அந்த சமூகத்துக்காரங்க கேட்டு, 2008ல அரசு தனி நல வாரியம் வெச்சு, அப்புறம்தான் பேப்பர்ல பழைய கேவலமான சொல்லெல்லாம் காணாம போச்சு. ஆனா "திருநங்கைகள் அட்டகாசம்"னு இன்னும் வருதுன்னா பேர் மாறியிருக்கு, அவங்கள பத்தி யார்கிட்ட கேட்டு எழுதறோம்ங்கறது மாறல. இன்னொண்ணு, 2023 செப்டம்பர்ல ஆரம்பிச்ச மாசம் ஆயிரம் ரூபாய் திட்டம். அதுக்கு உதவித்தொகைன்னு வெக்காம "மகளிர் உரிமைத்தொகை"ன்னு வெச்சாங்க. அரசியல் கணக்கு இல்லாம இருக்காது. ஆனா அந்தப் பேராலயே எல்லா பேப்பரும், திட்டத்த திட்டற பேப்பரும், அடிக்கடி "உரிமை"ன்னு அச்சடிச்சாக வேண்டியிருக்கு. டீக்கடைல "உரிமைத்தொகை வந்துருச்சா"ன்னு கேக்கறத நானே கேட்டேன்.

இங்க ஒரு கோடு போடறேன், எது உறுதி, எது என் ஊகம்னு. பேப்பர் மொழில ஆண் பெண் ஏற்றத்தாழ்வு இருக்குங்கறது உறுதி, எந்த நாள் பேப்பர எடுத்தாலும் காட்டலாம். அது பெரும்பாலும் செய்தி வர்ற வழிலேருந்து வருதுங்கறது 19 வருஷ அனுபவத்துல சொல்றது, இன்னொரு சப்-எடிட்டர் மறுக்கலாம், பெரிய ஊர் எடிஷன்ல வேற மாதிரி இருக்கலாம். ஆனா பேப்பர்ல அப்படி எழுதறதாலதான் வீட்ல புருஷன் அடிக்கறார்னு யாராவது சொன்னா நான் கூட வர மாட்டேன். பேப்பர் படிக்காத வீட்லயும் அடி விழுது. அதே மாதிரி டெஸ்க்ல பொண்ணுங்க வந்துட்டா மாறிடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. நான் சேர்ந்தப்ப நைட் ஷிஃப்ட்ல ஒரு பொண்ணுகூட கிடையாது, வந்தவங்கள கோலம், சமையல் இருக்கற மகளிர் இணைப்புக்கு அனுப்பிடுவாங்க. அப்புறம் வந்தாங்க, நல்லா வேலை பார்த்தாங்க, சில வார்த்தைங்க அவங்க முன்னாடி சொல்ல கூச்சப்பட்டே நின்னுச்சு. ஆனா அதே பத்தரை மணிக்கு அதே ஸ்டேஷன் செய்திய வெச்சுக்கிட்டு அவங்களும் "நடத்தையில் சந்தேகம்"தான் போட்டாங்க. மெஷின் அது, யார் உக்காந்தாலும் அதே நூல்தான் நூக்கும்.

நீங்க இதுல ஏதோ காலேஜ் ப்ராஜெக்ட் பண்ற மாதிரி தெரியுது, அப்படின்னா ஒரு யோசனை. அழகி எத்தன தடவ, கள்ளக்காதல் எத்தன தடவன்னு எண்ணாதீங்க, அத நிறைய பேர் பண்ணிட்டாங்க. ஒரு வாரம் மாவட்டப் பக்கத்த மட்டும் எடுத்து, ஒவ்வொரு செய்திலயும் யார் வாய்லேருந்து எத்தன வாக்கியம் வந்திருக்குன்னு பென்சில்ல குறிங்க. போலீஸ் எத்தன, புருஷன் எத்தன, பக்கத்து வீட்டுக்காரர் எத்தன, அந்தப் பொண்ணோ அவங்க வீட்டாளுங்களோ எத்தன. கூடவே அந்த வாக்கியம் "தெரிவித்தார்"ல முடியுதா, "கதறினார்"ல முடியுதா, "கூறப்படுகிறது"ல முடியுதான்னு பாருங்க. இதுல தலைப்ப பார்த்து கோவப்படறதவிட நிறைய விஷயம் கிடைக்கும்.

நீங்க என்ன பண்ணீங்கன்னு கேப்பீங்க. அந்த ஓவர்டைம் சீட்டுக்கு அப்புறம் நான் ஒரு பழக்கம் வெச்சுக்கிட்டேன், கணவன் மனைவி கொலைன்னா வாக்குமூலத்த தலைப்புலேருந்து எடுத்துட்டு "மனைவியைக் கொன்ற கணவர் கைது"ன்னு வெப்பேன். செய்தில செத்தவங்க பேர், வேலை ரெண்டும் வரணும், காரணம்னு போலீஸ் சொல்றது கடைசி பத்தில போனா போதும். பாதி நேரம் அடுத்த எடிஷன்ல யாராவது மாத்திடுவாங்க, பாதி நேரம் நின்னுடும். ஒரு நாள் அப்படி ஒண்ணு எல்லா எடிஷன்லயும் அப்படியே நின்னுச்சு, எனக்கே ஆச்சரியம். காலைல பஸ் ஸ்டாண்ட் எதிர்ல டீ குடிக்க நின்னா கடைல எங்க பேப்பர் போஸ்டர் தொங்குது. போஸ்டர் எழுதறது டெஸ்க் இல்ல, சர்குலேஷன் டிபார்ட்மென்ட். பெரிய கறுப்பு எழுத்துல, "நடத்தையில் சந்தேகம்"னு முதல் வரி, கீழ "இளம்பெண் கொலை". டீக்கடைக்காரர் என்ன பார்த்து, "என்ன சார், உள்ள தேடிப் பார்த்தேன், சந்தேகத்தயே காணோமே"ன்னார்.